பழுப்பாகிப்போன தங்க வண்டு

இன்று மதியம், என்னோடு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் திருநெல்வேலி செல்வி, கம்பெனி வேலிக் கொடியில் ஒரு வண்டைப் பிடித்தாள். பொட்டு அளவுதான், அசல் தங்க நிறம்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். சாயங்காலம் இத அவகிட்ட கொண்டுபோய்க் காட்டணும், பத்திரமா வச்சிருங்கக்கா" என்று பட்டன் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

வேலை முடிந்து திறந்தால், உள்ளே பழுப்பு வண்டு.

"மாத்திட்டியளாக்கா?"

"இல்ல கண்ணு, நான் டப்பாவத் தொறக்கவே இல்ல."

சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வண்டை எடுத்து வேலிக் கொடியில் விட்டோம். கொஞ்ச நேரத்தில் மெல்லத் தங்கமானது. செல்வி மன்னிப்புக் கேட்டு, இலையோடு எடுத்துப் போனாள்.

இப்போது போன் செய்தாள். "அக்கா, பிள்ளைகிட்ட காட்டயில மறுபடியும் பழுப்பாயிட்டு. நான் பொய் சொல்லுதேன்னு அழுதா."

இந்தத் தடவை டப்பா என்னிடம் இல்லை. தங்கம் எங்கேதான் போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.