இராசசிங்கம் மாஸ்ரரும் ஒரு வட்டமான சொல்லும்

இராசசிங்கம் மாஸ்ரர் தூரத்தில் வருவது தெரிந்தால் மானிப்பாய்ச் சந்தியில் சும்மா நிற்பவனுக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிடும். பொல்லாத மனிதர் அல்லர். கள்ளு இல்லை, சுருட்டு இல்லை, ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாள் பிந்தியதில்லை. ஆனால் ஒரு சொல் அகப்பட்டால் அதன் பாட்டன் பூட்டன்வரை தோண்டாமல் ஆளை விடமாட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் ஆங்கிலம் படிப்பித்த வாய் அல்லவா! பென்ஷன் எடுத்தபின் அந்த வாய்க்கு மிஞ்சிய வகுப்பு மனைவி ஐரிஸ் ஒருத்திதான், பாவம்.

சோறு போட்டால் சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தொடங்குவார்.

“ஐரிஸ், உமக்குத் தெரியுமே? டிஷ், டெஸ்க், டிஸ்க் மூண்டும் ஒரு தாய் பிள்ளையள். கிரேக்கர் எறிஞ்சு விளையாடின வட்டுக்கு டிஸ்கோஸ் எண்டு பேர். எறியிறது எண்ட சொல்லிலை இருந்து வந்தது. எங்கடை பெடியள் விளையாட்டுப் போட்டியிலை பரிதிவட்டம் எறியினமே, அதுதான் மூத்தது. பிறகு தட்டையாய், வட்டமாய் இருந்த எல்லாத்துக்கும் அந்தப் பேரை வைச்சிட்டாங்கள். பாட்டுத் தட்டும் டிஸ்க், சாப்பாட்டுத் தட்டும்…”

“எனக்கும் எறியத்தான் மனம் வருது. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ!”

அவர் கோபிக்கமாட்டார். சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஐரிஸ் இவ்வளவு அலட்டலையும் பொறுத்தாள்.

தொண்ணூற்றிரண்டில், யுத்தத்தால் மின்சாரமும் பெற்றோலும் இல்லாத காலம், கிணற்றடியில் வாளியைத் தூக்கியவளுக்கு இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மாஸ்ரர் அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றி ஆசுப்பத்திரிக்கு உழக்கினார். டொக்டர் அவரிடம் படித்த பெடியன். சோதித்து முடித்து, ஐரிஸ் அடுத்த அறையில் சேலையைச் சரிசெய்யும் நேரத்தில், “சேர், அன்ரிக்கு முதுகிலை டிஸ்க் ஒண்டு விலகியிருக்கு” என்றான்.

போச்சு! மாஸ்ரரின் முகம் மலர்ந்துவிட்டது. நோயின் பேரைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட மனிதர் யாழ்ப்பாணத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். முள்ளந்தண்டுக்குள்ளும் அந்த வட்டு வந்து இருக்கிறதே என்று கிரேக்கத்திலிருந்து தொடங்கினார். வெளியே நோயாளர் வரிசை. டொக்டர் இடையிடையே சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னான். மாஸ்ரர் தலையாட்டினார்; காதில் ஒன்றும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஐரிஸ் கேட்டாள்: “நான் என்ன செய்யவேணுமாம்?”

டொக்டர் சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

“கொஞ்சம் உலாவித் திரிஞ்சால் சரிவரும் எண்ட மாதிரித்தான்…”

மாஸ்ரர் பொய் சொல்லமாட்டார் என்று ஊரே நம்பியது, அவள் நம்பமாட்டாளா? நோவோடு நடந்தாள், தண்ணீர் அள்ளினாள், முற்றம் கூட்டினாள். ஒரு விடியற்காலை எழும்பப் பார்த்தாள். கால்கள் அவள் சொல்லைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தாள்.

“சேருக்குச் சொன்னனான்தானே, பலகையிலை மல்லாக்க, அசையாமல் கிடக்கவேணும் எண்டு! இனியும் அசைஞ்சால் நடக்கவே ஏலாமல் போயிடும்.”

ஐரிஸ் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அவள் ஏசவில்லை, கதைப்பதையே விட்டுவிட்டாள். ஒரு சொல் அகப்பட்ட சந்தோஷப் புழுகத்தில் பெண்சாதியின் காலைத் தொலைத்த மனிதனோடு என்ன கதை?

மாஸ்ரர் அறைக் கதவைக் கழற்றிக் கட்டிலில் போட்டு அவளைக் கிடத்தினார். அவர் சமைத்த சோறு குழைந்தது, கறி கரிந்தது. முகம் கழுவிவிட்டார், சீப்பால் தலை இழுத்துவிட்டார், அருவருக்காமல் எல்லாம் செய்தார். எந்தச் சொல்லின் பூட்டனையும் தோண்டவில்லை. வீடு சாவீடு மாதிரிக் கிடந்தது.

ஒருநாள் பத்து மணிபோல் வானத்தில் குண்டு போடுகிற பொம்மர் இரைந்தது. வேலிக்கு அப்பால் பதுங்குகுழி வாசலில் நின்று பாலேஸ்வரி கத்தினாள்: “மாஸ்ரர்! பங்கருக்கை வாங்கோ, ஓடி வாங்கோ!”

“போங்கோ” என்றாள் ஐரிஸ். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவருக்குச் சொன்ன முதல் சொல் அதுதான்.

அவர் போகவில்லை. முதல் குண்டு எங்கோ தெற்கே விழுந்தது, யன்னல் அதிர்ந்தது.

“உங்களுக்கு என்ன விசரே? போங்கோ எண்டு சொல்லுறன்!”

“மாட்டன்.”

இரண்டாவது கிட்ட விழுந்தது. கூரையிலிருந்து ஓட்டுத்துண்டு தெறித்தது. மாஸ்ரர் கட்டிலில் ஏறி, அவளுக்கு இருபுறமும் கையையும் முழங்காலையும் ஊன்றி, அவள்மேல் கவிந்து நின்றார். பாரம் அவள்மேல் படவில்லை. அந்த மெலிந்த கைகளே முழுப் பாரத்தையும் தாங்கின. கண்ணீர் சொட்டி அவள் கழுத்தில் விழுந்தது.

“அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால், இண்டைக்கு நீர் எழும்பி ஓடியிருப்பீர், ஐரிஸ்.”

“ஓம், ஓடியிருப்பன்” என்றாள். அவளுக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அந்தக் கைகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “உந்த வயசிலை எவ்வளவு நேரம் தாங்குவியள்? இறங்கிப் பக்கத்திலை படுங்கோ.”

“பலகை ஒடுக்கம். நீர் அசையக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்.”

“நான் அசையேல்லை. நீங்கள் ஒட்டிப் படுங்கோ.”

பொம்மர் மறுபடி சுற்றி வந்துகொண்டிருந்தது. மாஸ்ரர் மெல்ல இறங்கி, பலகையின் விளிம்பில், பாதி உடம்பு வெளியே தொங்க, அவளருகில் சரிந்து படுத்தார். அவர் விழுந்துவிடாமல் இருக்க ஐரிஸ் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.