கண்ணில் ஒற்றிய சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்கள் தள்ளிப்போட்டேன். தினம் விபூதி பூசி, கிருத்திகைக்கு விரதம் இருக்கிறவன் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதினால் நன்றாகவா இருக்கும் என்ற கூச்சம். மகள் வாழ்க்கை சம்பந்தப்பட்டதாயிற்றே என்ற தயக்கம் வேறு. ஆனால் நடந்ததை உறவுக்காரர்கள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படிக்காதவன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் மகள் தன்னோடு வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். தென்காசிப் பக்கத்துப் பையன். காட்டுப்பாக்கத்தில் நண்பர்களோடு ஃபிளாட்டில் இருந்தான். அவன் வீட்டார் வந்து முறையாகப் பெண் கேட்டுவிட்டுப் போனார்கள். பதில் நான்தான் சொல்ல வேண்டும். எங்களில் பதில் சொல்வதற்கு முன், சொல்லாமல் கொள்ளாமல் பையன் இருக்கிற இடத்துக்கு ஒரு நடை போய்ப் பார்ப்பது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு திருநின்றவூரிலிருந்து கிளம்பினேன்.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பாய் விரித்து நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் நாங்கள் பார்க்க வந்த பையன்.

மச்சான் என் காதில் சொன்னான். "இன்னா மாமா, மாப்ள சூதாடிகினு கீறாரு! வா, இப்டியே பஸ்ஸப் புடிப்போம்."

பையன் எழுந்து நின்றான். சீட்டை மறைக்கவில்லை. "வாங்க சார். போக்கர் ஆடிட்டிருக்கோம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான்."

"அங்கிளும் ஒரு கை உக்காரட்டும்டா" என்றான் ஒரு நண்பன். உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தாய் என்று மச்சான் இன்றைக்கும் கேட்கிறான். டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்தால் அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

ஆட்டத்தைப் பையனே சொல்லிக்கொடுத்தான். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். ஒருவர் கொட்டை வைத்தால் மற்றவர்களும் வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். கடைசிவரை நிற்கிறவர்களில் யாருக்குப் பெரிய ஜோடி சேர்கிறதோ, நடுவில் விழுந்த கொட்டையெல்லாம் அவருக்கு. "கைக்கு வர்றதுல முக்காவாசி குப்பை சார். ஆரம்பத்துலயே போட்டுடணும். இவ்ளோ வச்சிட்டோமேன்னு பின்னாடியே போகக் கூடாது" என்றான். கடைசியில் முடிவு சொல்கிறவனுக்கு வசதி. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். தன் சீட்டைவிட எதிராளியைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னான்.

முதல் நாலைந்து கையும் குப்பை, போட்டுவிட்டு ஒதுங்கினேன். பிறகு இரண்டு ராஜா வந்தது. கொட்டை வைத்தேன். எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். அடுத்து ஒரு நல்ல ஜோடி வந்தது, அதற்கும் அப்படியே.

"இன்னாப்பா இது, மாமாவுக்கு வந்தா மட்டும் அல்லாரும் ஓடறீங்க?" என்றான் மச்சான். நண்பர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பையன்தான் சொன்னான். "சார், நல்ல சீட்டு வந்தா நீங்க கண்ணுல ஒத்திக்கிறீங்க. எங்களுக்குத் தெரிஞ்சிடுது."

"டேய், ஏன்டா சொன்ன? இத வச்சுத்தானே பொழப்பு ஓடிட்டிருந்துச்சு!" என்றான் ஒரு நண்பன்.

எனக்கே அது தெரியாது. பிரசாதமோ, சம்பளக் கவரோ, கைக்கு நல்லது வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வது பழக்கம்.

அப்புறம் எனக்கு ஏழும் இரண்டும் வந்தது, சுத்தக் குப்பை. போட்டிருக்க வேண்டும். அவன் சொன்னதை மறந்து, விடாமல் வைத்துக்கொண்டே போனேன். என் கொட்டையெல்லாம் நடுவில் போய்ச் சேர்ந்தது. அந்த நேரம் பின்தெருக் கோயிலில் உச்சிகால பூஜை மணி அடித்தது. கை தானாகக் கண்ணுக்குப் போனது, சீட்டோடு. நண்பர்கள் மூன்று பேரும் சீட்டை எறிந்தார்கள். பையன் மட்டும் எறியாமல் என்னைப் பார்த்தான்.

"மணிக்கா சார், சீட்டுக்கா?"

அந்த ஆட்டத்தில் பொய் சொல்லலாம், தப்பில்லையாம். ஆனால் சாமி மணிக்கு ஒற்றிய கை. "மணிக்கு" என்றேன்.

சிரித்துவிட்டுச் சமமாகக் கொட்டை வைத்தான். சீட்டைத் திறந்து காட்டினான், ஜோடியாக இரண்டு பத்து. என் கொட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டான்.

பஸ்ஸில் மச்சான் ஓயவில்லை. "பொண்ணு கேக்கற ஆளு, ஒரு ஆட்டமாச்சும் உனுக்கு உட்டுக் குடுத்தானா பாரு. இவன் நம்ம ஊட்டுக்கு ஒத்து வருவானா?"

"அதான் மச்சான், குடுக்கலாம்னு கீறேன்" என்றேன்.

என் மகளுக்காக அவன் தோற்றுக் காட்டியிருக்கலாம். அப்படி என்னைக் குளிரவைத்து வாங்கிக்கொண்டு போகிறவன், கல்யாணத்துக்கு அப்புறம் அவளிடம் எதை மறைப்பான், எதைச் சொல்வான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இவன் தனக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தும் என் பழக்கத்தை முகத்துக்கு நேரே சொன்னான். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, கற்பூரம் ஏற்றிவிட்டு, மனைவியிடம் சரியென்று சொன்னேன்.

பெண்ணைச் சூதில் வைத்துத் தோற்றவன் என்று சொந்தத்தில் எனக்கொரு பெயர் இருக்கிறது. மகள் காதுக்கும் அது போயிருக்கிறது. ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். புளியங்கொட்டையைக் காசாக்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு நான் ஜெயித்ததாகவும் சொல்ல வேண்டாம்.