ஸ்ப்ளாஷ் என்ற சொல்லும் ஒரு டப்பா உப்பும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாக யோசித்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஜவ்வாது மலையிலிருந்து கலசப்பாக்கம் சந்தைக்குப் புளி ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டியவன் நான். பேனா பிடித்ததைவிட ஸ்டியரிங் பிடித்ததுதான் அதிகம். ஆனால் தயக்கத்துக்கு அது காரணமில்லை. செய்த காரியம் அப்படி. நினைத்தாலே வெட்கமாக இருக்கும். படவேட்டம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றும்போதெல்லாம், “இன்னும் எழுதலையா?” என்று அவள் கேட்பதுபோல இருக்கும். இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

இங்கிலாந்தின் வடக்கே, சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். விடியற்காலையில் வாசலில் தண்ணீர் தெளிக்கிற ஆள் இந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். அதுவும் ஆம்பளை. தலையில் குல்லா, உடம்பில் மெத்தை மாதிரி ஜாக்கெட், கையில் பிளாஸ்டிக் மக்கு. என் மனைவி மல்லிகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலையை நம்பித்தான் வந்தோம். அவளுக்குத் துணையாக வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இரவு டியூட்டி முடித்து அவள் வீடு வரும்போது பொழுது நன்றாக விடிந்திருக்கும். வந்த புதிதில் ஒருநாள் படியிலேயே நின்று முறையிட்டாள்.

“இன்னாங்க, வாசல் இப்டி காய்ஞ்சி கெடக்குது. லட்சுமி எப்டி உள்ள வருவா?”

“நான் தெளிக்கிறேன், வுடு.”

“நீங்களா? ஊர்ல தெரிஞ்சா உங்கண்ணன் வுழுந்து வுழுந்து சிரிப்பாரு.”

“சிரிக்கட்டும். இங்க வரைக்கும் கேக்காது.”

எங்கள் மலையில் வாசல் தெளிப்பது பெண்களுடைய காரியம். பனி இறங்கும் தை மாதத்தில்கூட அண்ணி விடியலில் எழுந்து, சாணம் கரைத்த தண்ணீரைக் கையால் அள்ளி வீசுவார். சளப்... சளப்... அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். அதற்குப் பிறகுதான் சாமைக் கஞ்சி, வேன், சந்தை எல்லாம். பெண்கள் கையில் இருந்த அந்தக் காரியம், ஏழு கடல் தாண்டி வந்ததும் என் கைக்கு வந்தது. எனக்கு அது பிடித்தும் போயிற்று. மக்கைத் தூக்கும்போது அம்மனை ஒருதரம் கூப்பிட்டுக்கொள்வேன். அன்றைய நாள் லேசாகிவிடும்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடைபாதை ஒன்றுதான். பக்கத்து வீட்டில் கிரகாம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். நானும் டிரைவர் என்று தெரிந்ததும் நெருங்கிவிட்டார். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கையாலேயே வளைத்து வளைத்துக் காட்டினேன். புரிந்துகொண்டு எழுந்து நின்று கை குலுக்கினார். ஊர் நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் என்னைப் போன்றவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவரும் அவர்தான்.

எங்களுக்கு அது முதல் குளிர்காலம். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், நடைபாதை முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஏதோ கல்கல்லாகக் கிடந்தது. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு! முதலில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இந்த ஊரில் எனக்கு யார் வைக்கப்போகிறார்கள் என்று கொஞ்சம் தெளிந்த பிறகு வேறு கவலை பிடித்துக்கொண்டது. உப்பு லட்சுமி ஆயிற்றே. புது வீடு போனால் முதலில் கொண்டுபோவது உப்பு. ஒரு கல் சிந்தினாலும் மிதிக்காமல் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம் நாங்கள். அது இப்படி நடைபாதையில் மிதிபடக் கிடக்கலாமா? பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, மண்டிபோட்டு, ஒரு கல் விடாமல் இரண்டு கையாலும் அள்ளினேன். டப்பாவை மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று, வழக்கத்தைவிட இரண்டு மக்கு கூடுதலாகத் தெளித்தேன்.

அரைமணி நேரம் கழித்து வெளியே தொம்மென்று ஒரு சத்தம். கூடவே ஒரு கெட்ட வார்த்தை. ஓடினேன். நான் தெளித்த தண்ணீர் கண்ணாடியாக உறைந்திருந்தது. அதன்மேல் கிரகாம் மல்லாந்து கிடந்தார். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன்.

“உப்புப் போட்டேனே. வழுக்கக் கூடாது என்றுதானே நேற்றுச் சாயங்காலமே போட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உப்பு எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயைத் திறக்கவில்லை. போலீஸ் வருமோ, விசா போய்விடுமோ, மல்லிகா வேலைக்கு ஆபத்து வருமோ என்று அந்த ஒரு நிமிஷத்தில் என்னென்னவோ ஓடியது. அவளிடம் மட்டும் அன்றைக்கே சொன்னேன்.

“உப்ப எங்க வெச்சிகீறீங்க?”

“படிக்கு அடியில, டப்பாவுல.”

“எட்த்துனு போய் அவர் முன்னாடி வெச்சி, நான்தான்னு சொல்லிட்டு வாங்க.”

“விசாவுக்கு எதுனா ஆச்சின்னா?”

“நான் அங்க நாளெல்லாம் கால்ல கட்டு போட்டுனு இருக்கேன். என் புருஷன் இங்க கால ஒடச்சி அனுப்புறாரு. நல்லா இருக்குதுங்க நம்ம குடும்பம்.”

அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்வதற்குப் பதிலாகச் செய்துகொண்டிருந்தேன். கட்டுப் போட்ட காலோடு அவர் வீடு வந்ததும் தினமும் ரசம் கொண்டுபோனேன், குப்பை எடுத்து வைத்தேன், டீ போட்டேன். “பால் ஒரு ஸ்ப்ளாஷ் போதும்” என்றார். அந்தச் சொல் எனக்குப் புதிது. நம் வழக்கப்படி பாதிக் கோப்பைக்குப் பாலும் மூன்று ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “இது டீ இல்லையப்பா, சாப்பாடு” என்றார். ஆனாலும் முழுதாகக் குடித்தார்.

நான்காவது வாரம் அவர் அடுப்புக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். ‘அணைத்தாயிற்று, காலை எட்டரை.’ கதவில் இன்னொன்று, மருந்து டப்பாவில் இன்னொன்று. என்ன இது என்று கேட்டேன். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்து, பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டாராம். “எனக்கும் ஆரம்பித்துவிட்டது. உப்புப் போட்டதாக எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் விழுந்தபோது அங்கே ஒரு கல்கூட இல்லை. ஞாபகசக்தி சோதனைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். காலை ஒடித்ததோடு நிற்கவில்லை, அந்த மனிதருடைய புத்தியையும் அவரிடமிருந்து பறித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நூலக வகுப்புக்கு, விழுவதற்கு முன்பே அவர் கொடுத்துவைத்த பாடம் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதற்கு என்னென்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு வந்து பேசவேண்டும். படிக்கு அடியில் இருந்த உப்பு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிரகாம் வீட்டுக்குப் போனேன். “எனக்கு ஸ்ப்ளாஷ் வேண்டும்” என்றேன்.

மனிதருக்குச் சந்தோஷம். தடித்த அகராதியை மேஜையில் பரப்பினார். தண்ணீர் தெறித்தாலும் ஸ்ப்ளாஷ், தெறிக்க வைத்தாலும் ஸ்ப்ளாஷ். டீயில் விடும் துளிப் பாலும் அதுதான். பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிதாக வரும் செய்தியும் அதுதான். கையில் இருப்பதைத் தாராளமாக வீசிச் செலவழித்தாலும் அந்தச் சொல்தானாம். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒருவன் வந்து இறங்கினால் அதுவும் ஒரு ஸ்ப்ளாஷ். முன்காலத்தில் இந்தச் சொல் வெறும் ‘ப்ளாஷ்’ என்று இருந்ததாம். தேங்கிய குட்டைக்கும் அந்தப் பெயர்தானாம். வேகம் காட்டத்தான் முன்னால் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொண்டது என்றார். அந்தப் பழைய சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சமையலறைத் தொட்டியில் இருந்த தண்ணீரை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். “இங்கிருந்துதான். தண்ணீரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.”

எனக்கு அண்ணியின் சளப் சளப் காதில் கேட்டது. “எங்கள் மலையிலும் தண்ணீர் தன் பெயரைத் தானேதான் சொல்லும்” என்றேன்.

“சரி, இத்தனை சொல் இருக்க ஏன் இதை எடுத்தாய்?”

டப்பாவை மேஜைமேல் வைத்துத் திறந்தேன். தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன். “இது உங்கள் உப்பு. நான் எடுத்தேன். எங்களுக்கு உப்பு சாமி, மிதிக்கக் கூடாது. எடுத்த பிறகு நான் தண்ணீர் ஸ்ப்ளாஷ் செய்தேன். நீங்கள் விழுந்தீர்கள்.”

அவர் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “அப்படியானால் நான் உப்புப் போட்டேன்.”

“போட்டீர்கள்.”

“மறக்கவில்லை.”

“மறக்கவில்லை.”

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து போய், அடுப்புக்கு மேலிருந்த சீட்டைக் கிழித்தார். கதவுச் சீட்டையும் கிழித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. “நாலு வாரம். என் அம்மா மாதிரி ஆகிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ரசம் கொண்டுவந்தாய்.” கை கூப்பி நின்றேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவர் கிழித்த சீட்டுகளைக் கசக்கிக் குப்பையில் போட்டார். கடைசியில், “காலையில் எதற்காகத் தண்ணீர் ஊற்றுகிறாய்?” என்றார்.

“வாசல் ஈரமாக இருந்தால் மகாலட்சுமி வருவாள்.”

“அன்றைக்கு வந்தாளா?”

“இல்லை. நீங்கள்தான் வந்தீர்கள்.”

நான் உள்ளதைத்தான் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் ஒரு பக்கம் விழுந்தது, அகராதி ஒரு பக்கம் விழுந்தது. டாக்டருக்குப் போன் செய்து, சோதனை வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. உறைபனி நாட்களில் அவர் உப்புப் போடுவார், நான் அள்ளமாட்டேன். கதவுக்கு உட்பக்கமாக விரல் நுனியால் மூன்று சொட்டு மட்டும் தெளித்துக்கொள்வேன். உப்பை மிதிக்கும் முன் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவரும் உப்பைத் தாண்டும்போது, “மன்னிக்கணும், மேடம்” என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுகிறார்.

போன தை மாதம் மலைக்குப் போயிருந்தோம். விடியலில் சளப் சளப் என்று கேட்டு எழுந்து வந்தேன். அண்ணி தெளித்து முடித்திருந்தார். மண் ஈரமாக மினுங்கியது. படியில் வைக்கப்போன என் கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

“இன்னா தம்பி, நம்ம வூட்டு வாசல்ல கால வெக்க இவ்ளோ ரோசனை?”

“வழுக்குமோன்னு பாக்கறேன் அண்ணி.”

“சாணித் தண்ணி எங்கனா வழுக்குமா? சீமைக்குப் போய்ட்டு மண்ணையே மறந்துட்ட.”

அன்றைக்கு ஜமுனாமரத்தூர் டீக்கடையில், நாங்கள் சொல்லிக் கேட்டதை என் அண்ணன் நாலு பேரை வைத்துக்கொண்டு தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “வெள்ளக்காரன் எங்க தம்பி வாசல்ல உப்பு வெச்சி மந்திரிச்சிட்டான். தம்பி தைரியமா அள்ளிட்டான். அம்மன் வுடுவாளா? வெச்சவனையே தள்ளி கால ஒடச்சிட்டா!” நான் இடையில் புகுந்து, அவர் நல்லவர், தப்பு என்மேல்தான் என்றேன். “நீ சும்மா இருப்பா, உனக்குச் சொல்லத் தெரியல” என்று என்னையே அடக்கிவிட்டார்கள்.

அதனால்தான் எழுத்தில் வைத்துவிட்டேன். மலையில் இருக்கிறவர்களும், என்னைப் போலக் குளிர் தேசத்தில் மக்கோடு நிற்கிறவர்களும் இதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆளை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பிறர் விழக்கூடாது என்று உப்புப் போட்டவர் கிரகாம். அள்ளியவன் நான். ஒரு வாசலில் உப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மிதிக்கிறேன்; இன்னொரு வாசலில் ஈர மண்ணுக்கு மேலே காலைத் தூக்கியபடி நிற்கிறேன். இதையும் அப்படியே சொல்லுங்கள்.