ஆறு வயதுக்கு இரண்டு நாள்

ஊர் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சி அறையில் அவள் பதினேழு வருடமாகப் படம் காட்டிக் கேள்வி கேட்கிறாள். பிள்ளைகளுக்கு அவள் ‘படம் டீச்சர்’. தினம் ஆறு பிள்ளைகள், ஆறு அறிக்கைகள். வீடு திரும்பினால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும்.

அன்று கோப்புகளை அடுக்கும்போது ஒரு பிறந்த தேதி கண்ணில் உறுத்தியது. போன வாரம் சோதித்த சிறுமிக்கு, சோதித்த நாளில் ஆறு வயது நிரம்ப இரண்டு நாள் பாக்கி. இவளோ ஆறு வயதுக்கான அட்டவணையைப் பார்த்து மொழித்திறன் எண் எழுபத்தாறு என்று போட்டிருந்தாள். ஐந்து வயதுக்கான சரியான அட்டவணையில் அதே பதில்களுக்கு எண்பது. எழுபத்தெட்டுக்குக் கீழே இருந்தால்தான் பள்ளியில் தனிப் பயிற்சி. வாரம் மூன்று நாள் என்று அனுமதியும் வந்தாயிற்று.

“பேசாம விட்டுடேன். யாரு தோண்டிப் பார்க்கப் போறா?” என்றார் கணவர் அன்றிரவு, துணி மடித்தபடி.

“அடுத்த சோதனையில நிஜ எண் வரும். பிள்ளை முன்னேறிட்டாள்னு நினைச்சுப்பாங்க. அவ இருந்த இடத்துலயே இருப்பா.”

மறுநாள் சிறுமியின் அம்மாவை வரவழைத்துச் சொன்னாள்.

“எண்பதா? அப்ப தேறிட்டாளா மேடம்?”

“இல்லம்மா. இது மார்க் இல்ல. அவ வயசுப் பிள்ளைங்க நூறு பேரை வரிசையா நிக்க வச்சா, அவளுக்குப் பின்னால ஒம்பது பேர்தான் நிப்பாங்க. தப்பு என்னோடது. தனிப் பயிற்சி கிடைக்காமப் போகலாம்.”

“உங்க தப்புக்கு எம் பொண்ணா பலி?”

இவள் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அறிக்கையைத் திருத்தினாள். எண்பது, வேறொரு நாள் சோதித்திருந்தால் எழுபத்துநாலும் வரலாம், எண்பத்தாறும் வரலாம். நாய் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் படக்கதையைச் சொல்லச் சொன்னால் ‘நாய்... அது... ஓடு’ என்பதோடு பிள்ளை நின்றுவிடுகிறாள் என்பதையும் எழுதினாள்.

பள்ளி அதிகாரி போனில் அழைத்தார். “ஒரே நம்பரா சொல்லுங்க மேடம்.”

“ஒரே நம்பரை வச்சுப் பிள்ளையை எடை போட முடியாது சார். கீழ எழுதியிருக்கறதையும் படிங்க.”

படித்தார் போலும். பயிற்சி அடியோடு போகவில்லை. வாரம் ஒரு நாளாகச் சுருங்கியது. ஆறு மாதம் கழித்து மறு சோதனை என்று முடிவானது.

அந்த மாற்றத்துக்கான ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்த அம்மா, முகம் பார்க்காமல், “அடுத்த தடவை வேற யாராவது பார்க்கட்டும்” என்றாள்.

“சரிம்மா” என்று அதையும் கோப்பில் குறித்துக்கொண்டாள்.