அத்தானின் காருக்கு முளைத்த வால்

எங்கள் வேலிக்கரையில் ஆள் நீளத்தில் ஒரு அலுமினியக் கூடு கிடக்கிறது. ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் வரவர ஒடுங்கி, வாழைப்பூவைப் படுக்கப் போட்டதுபோல் இருக்கும். பிள்ளைகளே, நீங்கள் அதை விண்ணுக்குப் போகும் ரொக்கெற் என்கிறீர்கள். அது ஒரு காரின் வால். என் அக்காவின் கணவர், உங்கள் மாமாவின் கார்; எனக்கு அவர் அத்தான்.

பெற்றோலை அளந்து கொடுத்த காலம் அது. அத்தான் நாயாற்றில் மீன் எடுத்து, ஐஸ் கரையுமுன் வவுனியாவுக்குக் கொண்டுபோய் விற்பார். கார் மிகப் பழையது. பின்பக்கத்தை வெட்டி, மீனுக்காகச் சதுரப் பெட்டி ஒன்று பொருத்தியிருந்தது. கிடைத்த பெற்றோல் போகப் போதும், திரும்பி வரக் காணாது. வீட்டுக்கு வரும் வழியில் ஒட்டுசுட்டானோடு கார் நின்றுவிடும். இப்படியே போனால் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதுதான் வழி என்பார் அத்தான். அக்கா எழும்பி, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார்.

மாங்குளத்தில் நான் தகரம் தட்டும் கொட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் அத்தான் ஒரு கிழிந்த படத்தோடு வந்தார். வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் கையால் தட்டிச் செய்த வெள்ளிநிறக் கார். சக்கரங்களைக்கூட மூடியிருந்தார்கள். நின்ற இடத்திலேயே அது மிதந்து போவதுபோல் இருந்தது. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று தடுக்காவிட்டால் பெற்றோல் மிஞ்சும் என்று கீழே போட்டிருந்தது. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் கூர். எது முன்பக்கம் என்றுதான் தெரியவில்லை.

“இதிலென்ன யோசனை? வள்ளம் கூர்ப்பக்கத்தாலதானே தண்ணியைக் கிழிக்குது” என்றார் அத்தான்.

எனக்கும் சரியென்று பட்டது. பத்து நாள் தட்டிக் காருக்குக் கூர்மூக்கு வைத்தேன். மூக்கோடு ஓடிய முதல்நாளும் ஒட்டுசுட்டானோடு பெற்றோல் முடிந்து, உழவு மெசினில் கட்டி இழுத்துத்தான் வீடு வந்தது.

முற்றத்தில் பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, இவ்வளவு காலமாய் மீன் விக்கிறியள். வாலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு நீந்தின மீன் ஒண்டைக் கண்டனீங்களோ?”

எழுந்து வந்து சதுரப் பெட்டியின் பின்கதவில் விரலால் கோடு இழுத்தார். செம்புழுதி அப்பியிருந்தது. முன்பக்கத்தில் அவ்வளவு இல்லை.

“காத்து இதிலதான் நிண்டு சுத்துது. காரைப் பிடிச்சு வைச்சிருக்கிறது பின்பக்கம்.”

அத்தான் என்னைப் பார்த்தார். “டேய் தம்பி, உன்ர அக்கா பெரிய எஞ்சினியர்! கழட்டடா மூக்கை.”

கழற்றிய அலுமினியத் தகட்டோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத்தான் வாலைச் செய்தேன். வாலோடு கார் போன முதல்நாள் பின்னேரம், அக்காவும் நானும் வாசற் படலையைப் பிடித்தபடி நின்றோம். உழவு மெசின் சத்தம் வருகிறதா என்றுதான் இருவரும் காது கொடுத்தோம். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளி வால் வெயிலில் மினுங்க, கார் தானாகவே வளைவால் திரும்பி வந்தது. பெற்றோல் தாங்கியில் அரைப் போத்தல் கூட மிச்சம் இருந்திராது. ஆனால் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கதை அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

இப்போது அத்தானிடம் லொறி இருக்கிறது. நேற்று நீங்கள் கூர்ப்பக்கத்தை முன்னுக்கு வைத்து வாலில் ஏறியிருந்தபோது அவர் வந்து நின்று பார்த்தார். பிழையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“பெற்றோல் காணுமோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம் மாமா, திரும்பி வரவும் காணும்” என்றீர்கள்.