கருவிழி வைக்கிற கை

என் அப்பாவைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் "ஓவியர் ஐயா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்தால் பெரிய கங்காணியே கதிரையை விட்டு எழும்புவாராம். நான் கண்டி டவுனில் கடைகளுக்குப் போர்டு எழுதிய காலத்தில் "மாஸ்டர்" ஆனேன். பிளேன்டீ சொல்லாமலே வரும். இப்போது நான் "பெயின்ட் பாஸ்". முதலாளி என்கிற பாஸ் இல்லை, இங்கே கொத்தனார், தச்சர் எல்லாரையும் கூப்பிடுகிற பாஸ். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவரும் பாஸ், நானும் பாஸ். அதுவும் வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கூப்பிடுகிற சொல் இறங்க இறங்க நம் முதுகும் கொஞ்சம் வளைந்துதான் போகிறது.

ஒரேயொரு இடத்தில் பழைய மரியாதை மிச்சம் இருந்தது. அது நான் செய்கிற கோயில் சிலைகளின் கண் திறப்பு. சிலையின் வேலையெல்லாம் முடித்துக் கடைசியாகத்தான் கருவிழி வைப்போம். நேரே பார்க்கக் கூடாது. சிலைக்கு முதுகைக் காட்டி, எதிரே ஒருவர் பிடிக்கிற கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி வைக்க வேண்டும். சாமியின் முதல் பார்வை சூடு என்பார்கள். அது கண்ணாடியில் விழுந்து, பிறகு பசுவிலும் கன்றிலும் பட்டு ஆறினால்தான் சனம் முன்னால் வரும். கண் வைத்தவனுக்கு மாலை போட்டு முதல் இலையில் உட்கார வைப்பார்கள்.

போன வருஷம் பன்வில பக்கம் ஒரு தோட்டத்தில் சீமெந்து முனியாண்டி செய்தேன். கண் திறப்பு அன்று காலையில் கோயில் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பாஸ், கோவிச்சுக்காதீங்க. இந்த வாட்டி முதலாளி கையால கண்ணு வைக்கட்டும். செலவெல்லாம் அவருதானே. நீங்க கண்ணாடியப் புடிங்க."

"அவருக்குப் பழக்கம் இல்லியேங்க."

"ரெண்டு புள்ளிதானே பாஸ்! எங்க வீட்டுக் கைக்கொழந்த கூட வைக்கும்."

முதலாளி அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, கண்டியில் புடவைக்கடை போட்டவர். நல்ல மனிதர். எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதையும் கேட்கிறார்கள். ஆனால் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. எத்தனை இடத்தில்தான் பிடிப்பது?

சிலைக்கு முன்னால் போட்ட மேசையில் நானும் முதலாளியும் ஏறினோம். கண்ணாடியைத் தூக்கினேன். வெறும் வெள்ளை முழியோடு முனியாண்டி அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்தார். கீழே தப்படித்தார்கள். ஒரு பாட்டியம்மா கத்தினாள்:

"பாத்து தம்பி! கோவக்காரச் சாமி. மொதப் பார்வ பட்டா ஆளையே சாச்சிரும்!"

முதலாளி தூரிகையை என்னிடம் நீட்டினார்.

"மாஸ்டர்," என்றார் மெதுவாக. "எனக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கு. நீங்களே வச்சிருங்க."

"நான் சாஞ்சாப் பரவாயில்லையா?"

"ஒங்களுக்குத்தான் பழகிப் போச்சே."

சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை அவர் வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் வைத்தேன். கை ஆடவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நான் ஐயாவும் இல்லை, பாஸும் இல்லை.

குலவை எழுந்தது. பசுவும் கன்றும் வந்து போயின. தலைவர் ஓடிவந்து முதலாளிக்கு மாலை போட்டார். முதலாளி என்னவோ சொல்ல வாயெடுத்தார். தப்புச் சத்தத்தில் கேட்கவில்லை.

"பாஸ், மேசைய இழுங்க, படத்துல விழுது," என்றார் வீடியோக்காரர்.

இழுத்தேன்.

பந்தியில் முதல் இலைக்கு முன்னால் நின்று முதலாளி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "வாங்க மாஸ்டர், நீங்க உக்காருங்க." சுற்றி நின்றவர்கள் என் சட்டையைப் பார்த்தார்கள்.

கையெல்லாம் பெயின்ட் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்பு சீக்கிரம் போகவில்லை. நானும் அவசரப்படவில்லை.