எண் இரண்டை அழுத்தவும்

கள்ளிக்குப்பம் பக்கம் கொஞ்ச நாளாக யாருமே சாகவில்லையோ என்று சரசாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த வேகத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாகாமல் இருந்தால் நல்லதுதானே! ஆனால் நல்லது என்று சும்மா விட்டுவிடவும் முடியவில்லை, அவள் பிழைப்பு அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

சரசா வேலை பார்ப்பது அன்னம்மாள் சாமியானா கடையில். பேர்தான் சாமியானா. பந்தல், நாற்காலி, அண்டா, குண்டா எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். இறந்தவரைக் கிடத்தி வைக்கிற ஃப்ரீசர் பெட்டியும் இரண்டு உண்டு. கல்யாணத்துக்கும் அதே நம்பர், சாவுக்கும் அதே நம்பர். அந்த நம்பர் அடித்தால் எடுக்கிறவள் சரசா. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தினமும் வந்து போகிறாள்.

போன் எடுப்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. கல்யாண வீட்டுக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே மண்டபத்தில் ஆரம்பித்துச் சம்பந்தி வீட்டுக் குறை வரைக்கும் போய்விடுவார்கள், அவர்களை நிறுத்துவதுதான் பெரும்பாடு. துக்க வீட்டு போனில் முதலில் பேச்சே இருக்காது. மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம், "ஹலோ, அங்க... அந்த பெட்டி..." என்று ஒரு குரல் இழுக்கும். அதற்குமேல் சரசா இழுக்க விடமாட்டாள். யார், எப்போது, என்ன ஆச்சு என்று ஒரு கேள்வி கேட்கமாட்டாள். "ஊடு எந்த மாடிங்க? லிஃப்ட் கீதா?" என்பாள். எதிர்முனை மாடியைச் சொல்லும், அப்படியே தெருவையும் சொல்லிவிடும். முடிக்கும்போது நன்றி கிடையாது, மறுபடி கூப்பிடுங்கள் என்பது அறவே கிடையாது. இழவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று எவனாவது சொல்வானா? "வண்டி கெளம்பிடுச்சிங்க" என்பதோடு சரி. அவர்கள் வைத்த பிறகுதான் இவள் வைப்பாள்.

இந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அதற்கு முன்னால் கடையின் பின்பக்கக் கொட்டகையில் வருஷக்கணக்காகப் பிரியாணி அண்டா தேய்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகி, சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் அள்ளித் தின்ற நாட்கள் உண்டு. நாற்காலிக்கு வந்த பிறகுதான் கை கையாயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதலாளி பார்த்தசாரதியின் மகள் நிஷாவுக்கு அந்த யோசனை வருகிற வரைக்கும். நிஷா நல்ல பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பாள். "அப்பா, பெரிய கடைன்னா போன் எடுக்கிறதுலயே தெரியணும்" என்றாள். ஒரு பதிவுக் குரல் வைக்க வேண்டும், கல்யாணக்காரர்கள் ஒரு நம்பரை அழுத்தினால் அவளுக்கு வரும், பந்தல் படங்களை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். மற்றவர்கள் இன்னொரு நம்பரை அழுத்தினால் சரசாவின் மேஜைக்குப் போகும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அந்தப் பதிவுக் குரல் யாருடையது என்றால், சரசாவுடையதேதான்! "உங்க குரல்தான் தெளிவா இருக்கு சரசாக்கா" என்று நிஷா சொன்னதில் அவள் உச்சி குளிர்ந்துவிட்டது. வெந்நீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிக்கிற தோரணையில் பேசினாள். "வணக்கம். அன்னம்மாள் சாமியானா தங்களை அன்புடன் வரவேற்கிறது. சுப நிகழ்ச்சிகளுக்கு எண் ஒன்றை அழுத்தவும். துக்க நிகழ்ச்சிகளுக்கு எண் இரண்டை அழுத்தவும்." வீட்டுக்குப் போய்த் தன் புருஷன் தங்கராஜைக் கூப்பிட்டு, அந்த நம்பருக்குப் போட்டுக் கேட்க வைத்தாள். "மகாராணி மாரி கீதே!" என்றான் அவன்.

அன்றிலிருந்துதான் அவள் மேஜை போன் வாயை மூடிக்கொண்டது.

முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் புதிராக இருந்தது. காலையில் ரயிலைவிட்டு இறங்கி வரும்போது சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் புதிது புதிதாக ஒட்டப்பட்டிருந்தன. பசை காயாத முகங்கள். தெருவில் சாமந்தியும் பொரியும் இறைந்து கிடந்தன. ஆக, சாகிறவர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெட்டி மட்டும் வேறு எங்கிருந்தோ போகிறது. வாடகை அதிகமோ? அதை இவளிடம் கேட்டால்தானே தெரியும்! வண்டி ஓட்டுகிற தங்கவேல் ஏதாவது வம்பு பண்ணினானா? அவன் வாயில்லாப் பூச்சி. யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

நிஷாவிடமும் ஒரு புதிர் இருந்தது. "சிலபேர் ஒண்ணை அழுத்திட்டு பேசவே மாட்டேங்கிறாங்கக்கா. நான் வாழ்த்துகள், என்ன விசேஷம்னு கேட்டதுமே கட் பண்ணிடுறாங்க. விளையாட்டுக்குப் பண்றாங்க போல" என்றாள். சரசா அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். ஆனால் இரண்டு புதிரையும் சேர்த்துப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

பார்த்தசாரதிக்குப் புதிரில் எல்லாம் ஆர்வம் கிடையாது. "இன்னாம்மா சரசா, பெட்டி ரெண்டும் தூசி புடிச்சிகினு கீது. மாசம் முடியட்டும், இப்டியே போச்சின்னா வித்துடுவேன். நீ கொட்டகைக்கே போய்டு" என்றார்.

சரசா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நாற்காலி போகக்கூடாது என்றால் போன் அடிக்க வேண்டும். போன் அடிக்க வேண்டும் என்றால்... இதை எந்தச் சாமியிடம் போய் வேண்டிக்கொள்வது? ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையாரைப் பார்க்காமலே தாண்டிப் போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது அவள் தெருவிலேயே பந்தல் போட்டிருந்தது. நாலு வீடு தள்ளி இருந்த ராஜசேகரன். பாக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், இவளைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னா சரசா, டூட்டியா?" என்று கேட்கிற மனிதர். முற்பகலில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. சரசா பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவர் படுத்திருந்த பெட்டியில் வேறு கடையின் பெயர் எழுதியிருந்தது.

அழுதது என்னவோ உண்மையான அழுகைதான். இருந்தாலும் அந்தப் பெயர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் மகன் ராகேஷ் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "ஏன்டா கண்ணு, எங்க கடைக்கு ஒரு போன் போட்ருக்கலாமே?"

"போட்டேங்க்கா. மொதல்ல உங்களுக்குத்தான் போட்டேன்" என்றான் ராகேஷ். "உங்க கொரலு வந்திச்சி. அப்பாடா, அக்கா எட்த்துட்சின்னு வாயத் தொறந்தேன். நீங்க பாட்டுக்குப் பேசிகினே போறீங்க. அப்பால துக்கத்துக்கு ரெண்ட அமுக்கச் சொன்னீங்க."

"சரி, அமுக்க வேண்டியதுதானே?"

அவன் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். "எப்டிக்கா அமுக்குறது? உள்ள எங்கம்மா அவர் கையப் புட்ச்சிகினு எழுப்பினு கீது. இன்னும் யார்கிட்டயும் நான் சொல்லக்கூட இல்ல. நான் போய், ஆமா, துக்கம்தான்னு, என் வெரலால எப்டிக்கா அமுக்குவேன்? கட் பண்ட்டேன். அப்பால மாமாதான் வேற எங்கியோ சொன்னாரு."

அவன் போன் போட்ட நேரத்தில் சரசா அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு. அவளுக்குத் தன் குரலின் மேலேயே கோபம் வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் கடையில் அப்பாவும் மகளும் இருந்தார்கள். சரசா நடந்ததைச் சொன்னாள். இரண்டை அழுத்த மனம் வராமல் ஒன்றை அழுத்தியவர்கள்தான் அந்த மௌன போன்கள் என்று நிஷாவுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, அவங்களுக்கா நான் வாழ்த்துகள் சொன்னேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பார்த்தசாரதிதான் மசியவில்லை. "ஒரு பட்டன அமுக்குறதுல இன்னா கீது? எத்தினி பெட்டி அனுப்பினவன் நானு. தோ பாரு" என்று தன் போனை எடுத்து, கடை நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். சரசாவின் குரல் வணக்கம் சொன்னது. அன்புடன் வரவேற்றது. எண் இரண்டை அழுத்தவும் என்றது. அவர் கட்டைவிரல் இரண்டுக்கு மேலே போய் நின்றது. எதிரில் நிஷா. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தில் அவர் மனைவி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பதிவு திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. விரல் இறங்கவில்லை.

"யாருக்குன்னு நெனச்சி அமுக்குறது?" என்றார் பார்த்தசாரதி. போனைக் குப்புறக் கவிழ்த்தார். "எட்த்துடு பாப்பா அத்த."

நிஷா அங்கேயே உட்கார்ந்து அதை எடுத்துவிட்டாள். கல்யாணமோ சாவோ, இனி முன்போல நேராகச் சரசாவின் மேஜைக்கே வரும்.

மத்தியானம் போன் அடித்தது. சரசா எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"அங்க... வந்து..." என்றது ஒரு பெண் குரல்.

"ஊடு எந்த மாடிங்க?"

அந்தப் பெண் உடைந்து அழுதாள். அழுகைக்கு நடுவே, "மூணாவதுங்க. லிஃப்ட் இல்ல" என்றாள்.

"பரவால்லங்க. நாலு ஆளா அனுப்புறேன்."

தெருவை எழுதிக்கொண்டாள். தங்கவேலுக்குக் கை காட்டினாள். அந்தப் பெண் இன்னும் வைக்காததால் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள். நாற்காலி தப்பித்தது என்று உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது, அதை அவளால் மறைக்க முடியவில்லை. காதில் அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.